ஸ்டோவ்னரில் நடக்காமற் போன கலியாணம்

காலை எட்டு ஐந்துக்கு நசீர் தொலைபேசியில் கூப்பிட்டார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் மணவறை கட்டியாயிற்று. கலியாண விருந்தினர்களாக நடிக்க நான் அழைத்திருந்த தமிழர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து, சொல்லாமலே பலகாரமும் கொண்டுவந்திருந்தார்கள். மணமகள் உள்ளறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மணமகளின் தகப்பனாக நடிக்கவேண்டியவர்தான் நசீர்.

"சிவா, நான் ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். வருவேன். எப்போது என்று கேட்காதே," என்றார். கேட்பதற்கு முதலே தொடர்பு அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தேன். தொலைபேசியை அணைத்து வைத்திருந்தார்.

மணமகளாக நடித்தவள் என் மகள் ஆரபி. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் செய்தது ஒன்றும் உங்களுக்கு விளங்காது.

இதை எழுதும்படி என்னைப் பிடித்துக்கொண்டவள், நடிகர்களைத் தேடிக்கொடுக்கும் அலுவலகத்தில் நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருக்கும் பெண். போனமாதம் ஒரு தொலைக்காட்சித் தொடரில் எங்கள் நிறத்தில் ஒரு மருத்துவர் வந்தாராம். நோயாளிக்கு ஊசி போட்டாராம், போனாராம். எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லையாம். "அங்கிள், உங்கட காலத்திலை இப்பிடி ஒண்டு நடந்திருக்குமே?" என்று கேட்டாள். என் காலம் என்று அவள் சொல்வது ஐந்தாறு வருடத்துக்கு முந்திய காலத்தை. முதுகுவலி காரணமாக வேளைக்கே ஓய்வு பெற்றேனே தவிர எனக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.

எங்கள் மன்றத்தின் ஆண்டுமலர் வாசகர்கள் பலர், நாங்கள் அன்று ஸ்டோவ்னரில் எடுத்த துப்பறியும் தொடரைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு தமிழ்க் கலியாணக் காட்சி வரும். மணவறையைச் சுற்றியிருக்கும் சனமெல்லாம் எழுந்து நிற்கும். அப்படி ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிய கதையல்ல. மாணவனாக நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் விறைத்து, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கினேன். ஒருநாள் ஒரு படத்துக்குப் பேருந்தில் இருக்கும் பயணியாக நடிக்க ஆள் தேவை என்றார்கள். இருந்தேன். அடுத்தமுறை, உன்னைப்போல இன்னும் பத்துப்பேர் கிடைப்பார்களா என்று கேட்டார்கள். கிடைத்தார்கள். இப்படிப் பின்னணியில் நிற்பவர்களை நோர்வேயில் ஸ்டாட்டிஸ்ட் என்பார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து, நேரத்துக்குக் கொண்டுவந்து, குளிரில் நிற்கவைத்து, சூப் கொடுத்து அனுப்புவது என் வேலையானது. நாளடைவில் சிறு வேடக்காரர்களையும் நானே கூப்பிட்டேன். ஆசிய முகம் வேண்டுமென்றால் சிவாவைக் கேள் என்பது அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. ஆசியா எவ்வளவு பெரிது என்று நான் அவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகவில்லை. துருக்கியிலிருந்து ஃபிலிப்பீன் வரை என் மேசைக்குத்தான் வந்தது.

எனக்கு மேலே இருந்தவர் தூரிட். நடிகர்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு அவருடையது. நெடிய மனிசி, குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. யோசிக்கும்போது தோடம்பழம் உரிப்பார். உரித்த பழத்தைத் தான் சாப்பிடாமல் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சுளை சுளையாகக் கொடுப்பார். இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. பிடிக்காவிட்டால் "ஸ்பென்னெண்டே" என்பார். சுவாரசியமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டுச் சந்தோசமாக வீட்டுக்குப் போனவர்கள் பலர். அந்தச் சொல் வந்தால் அலுவல் முடிந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

தெரிவுக்கு வருபவர் கமராவைப் பார்த்துப் பெயரைச் சொல்லவேண்டும். பிறகு இடப்பக்கம் திரும்பவேண்டும், வலப்பக்கம் திரும்பவேண்டும். கடைசியாகக் கைகள். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. கமராவில் கை பொய் சொல்லாது என்பது தூரிட்டின் நம்பிக்கை. படங்களைச் சுவரில் குத்தி வைப்பார். நோர்வேக்காரரின் படங்களுக்குக் கீழே வக்கீல், காதலன், காவல்துறை என்று இருக்கும். நான் கொண்டுவந்தவர்களின் படங்களுக்குக் கீழே கடைக்காரர், டாக்ஸி, துப்புரவு, தகப்பன்.

தகப்பன் என்றால் கோபக்காரத் தகப்பன். அவனுக்கென்று உடுப்பு அறையில் மண்ணிற ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. பாகிஸ்தான் தகப்பன் போட்டதும் அதுதான், ஈரான் தகப்பன் போட்டதும் அதுதான். ஒருமுறை ஃபிலிப்பீன் தகப்பனுக்குக் கை நீளமாக இருந்து மடித்துவிட்டார்கள். தோய்த்தார்களா தெரியாது.

ஒஸ்லோவிலேயே, எல்லிங்ஸ்ருட்டில் பிறந்து வளர்ந்த ஒரு வியட்நாமிய இளைஞன் வந்தான். மின்சார வேலை செய்பவன், நல்ல நடிகன். உணவகச் சமையலறையில் நிற்பவனுக்கு இரண்டு வரி வசனம். வாசித்து முடித்ததும் தூரிட் கேட்டார்:

"கொஞ்சம் உச்சரிப்போடு பேச முடியுமா?"

"எந்த உச்சரிப்பு?"

"உன்னுடையது."

"இதுதான் என்னுடையது. எல்லிங்ஸ்ருட்."

"ஸ்பென்னெண்டே," என்றார் தூரிட். அவன் போகும்போது எங்கள் அறையில் துடித்துக்கொண்டிருந்த மின்விளக்கைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

இவர்களுக்குள் அதிகம் வேலை கிடைத்தவர் நசீர். லாகூரில் மேடை நாடகம் நடித்தவர், ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினார். அவருடைய கைகள் அகலமானவை, முட்டிகள் தடித்தவை, புறங்கையில் ரோமம் அடர்ந்திருக்கும். தூரிட் அந்தக் கைகளைக் கண்ட அன்றே தகப்பன் வரிசையில் அவர் படத்தை முதலாவதாகக் குத்தினார். அதன் பிறகு அந்தக் கைகள் எத்தனையோ மகள்களைக் கதவுக்குள் தள்ளின, மேசையில் குத்தின, கடவுச்சீட்டைப் பறித்தன. சொந்த மகள்களுக்கு அந்தக் கைகளால் தலைபின்னி விட்டவர் அவர். மூத்தவளின் படிப்பைப் பற்றித் தொடங்கினால் நான் வேலை பார்க்க முடியாது.

"இந்த நாட்டிலேயே மோசமான தகப்பன் நான்தான், சிவா," என்பார் சிரித்துக்கொண்டு. "என் பேருந்தில் ஏறும் கிழவிகள் என்னைக் கண்டதும் பையை இறுக்கிப் பிடிக்கிறார்கள்."

நானும் சிரிப்பேன். என் வீட்டு வாசலுக்கு வரும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆரபிக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூட நாடகங்களில் நடித்தவள். நாடகக் கல்லூரிக்குப் போகப்போகிறேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். பார்மசி படி, நாடகம் சனி ஞாயிறில் நடி என்றேன். இரண்டு வாரம் என்னோடு நோர்வேஜிய மொழியில் மட்டும் கதைத்தாள். எங்கள் வீட்டில் அதுதான் தண்டனை. மூன்றாம் வாரம், எனக்குச் சொல்லாமல், தூரிட்டிடம் போய் நின்றாள்.

அவள் வாசித்தது அந்தத் துப்பறியும் தொடரில் வரும் இளம் வக்கீலின் வசனத்தை. நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன். யார் இது, இவ்வளவு நன்றாக வாசிக்கிறாளே என்று எட்டிப் பார்த்தேன். என் மகள். தூரிட் தோடம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்பென்னெண்டே," என்றார். பிறகு வேறு ஒரு வேடத்தைக் கொடுத்தார். கட்டாயக் கலியாணத்துக்கு இழுத்துவரப்படும் தமிழ்ப்பெண். முதற் காட்சியில் அழுவாள், இரண்டாம் காட்சியில் அழுவாள், மூன்றாம் காட்சியில் காணாமற் போவாள். அவள் காணாமற் போனால்தான் துப்பறிபவருக்கு வேலை.

அன்று பின்னேரம் மெட்ரோ இரயிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை."

"ஏனப்பா? இதாலைதான் உள்ளுக்குப் போகலாம்."

"இது நாங்களில்லையே."

"நசீர் அங்கிளை நீங்கள்தானே கூப்பிடுறனீங்கள்? அது அவையோ?"

"அது வேறை."

"என்ன வேறை? ஸ்லாப் ஆவ், அப்பா. நடிப்புத்தானே."

ஸ்லாப் ஆவ் என்றால் ஆறுதலாக இருங்கள் என்று அர்த்தம். இருக்க முடியவில்லை. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் பால் வாங்கப் போகும் என் மகளை நோர்வேக்காரர் பாவப்பட்ட பெண்ணாகப் பார்ப்பார்கள். தமிழர்கள், "சிவத்தாரின்ரை வீட்டிலையும் அப்பிடித்தானாம்," என்பார்கள். இரண்டையும் தாங்கலாம். ராத்திரி நித்திரை கெடுத்தது மூன்றாவது. நாடகக் கல்லூரி வேண்டாமென்று சொன்ன தகப்பனை மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் அந்த வேடத்துக்கு ஓம் என்றாளோ? கமராவுக்கு முன்னால் அவள் அழப்போவது என்னை நினைத்தோ?

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

இயக்குநர் எய்ரிக், முப்பது வயது இருக்கும், கெட்டவனல்ல. நசீர் வரப் பிந்தும் என்றதும் மண்டபத்தை ஒருமுறை பார்த்தான். வயது வந்த ஆண்கள் பலர் இருந்தார்கள். ஆனால் எழுதியிருந்ததை வாசித்து விளங்கியவன் நான் ஒருவன்தான்.

"நசீர் வரும்வரை நீ நில், சிவா. முகம் வேண்டாம். முதுகையும் கையையும் மட்டும் எடுக்கிறேன். அவள் மணவறையை விட்டு எழுந்து 'எனக்கு வேண்டாம்' என்பாள். நீ மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இருத்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எனக்கு வேட்டி கட்டி, அதற்கு மேல் அந்த மண்ணிற ஸ்வெட்டரையும் மாட்டினார்கள். நசீரின் அத்தர் மணம் இன்னும் அதில் இருந்தது.

விருந்தினர்களின் முன்வரிசையில் பவளமக்கா இருந்தார். ஸ்டோவ்னரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், எந்தக் கலியாணத்திலும் முன்வரிசையில் இருப்பவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சிவம், பொம்பிளையின்ரை தேப்பனோ? நான் ஆரோ வாட்டிலையிருந்து ஓடி வந்த நோயாளியெண்டெல்லோ நினைச்சன்."

முதல் தடவை. கமரா ஓடியது. ஆரபி எழுந்தாள், முகம் கோணியது, அழத் தொடங்கினாள். உடனே ஒரு பெரிய சத்தம். காட்சிக்காக நான் கூப்பிட்டு இருத்தியிருந்த தவில்காரர் கெட்டிமேளம் அடிக்கிறார். நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. மண்டபம் அதிர்ந்தது. ஆரபியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பின்வரிசையில் ஆரோ பழக்கதோசத்தில் அட்சதையும் எறிந்துவிட்டார்.

"நிறுத்து! யார் மேளம் அடிக்கச் சொன்னது? அழுகை கேட்கவில்லை!" என்று எய்ரிக் கத்தினான்.

நான் மொழிபெயர்த்தேன். தவில்காரருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"அழுகை கேக்கக்கூடாதெண்டுதானே தம்பி மேளம்? மணவறையிலை அபசகுனமா ஒரு தும்மல் கேட்டாலே நாங்கள் கூட்டி அடிக்கிறனாங்கள். பிள்ளை குளறுது, நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதே?"

தவிலை உறைக்குள் போட்டு மேடைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். அவர் தன் பிள்ளையைப் பிடுங்கியதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை. நான் ஆரபியின் மணிக்கட்டைப் பிடித்தேன். எய்ரிக் நிறுத்தினான். "நாடி பார்க்கிறாயா? இழு!"

மூன்றாம் தடவை இழுத்தேன். எவ்வளவு பலமாக என்று எனக்குத் தெரியவில்லை. இழுத்த இழுப்பில் அவள் கதிரையில் தொப்பென்று இருந்தாள். முகத்தைப் பார்த்தேன். கண்ணால் நீர் கொட்டியது. சின்ன வயதில் ஊசி போடும்போது அழுவாளே, அதே அழுகை. நடிப்பில் அந்த அழுகை வராது.

ஒலிப்பதிவு செய்தவர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு எய்ரிக்கிடம் ஏதோ சொன்னார். எய்ரிக் ஓடிவந்தான்.

"அருமை, சிவா! இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாயே, பயங்கரமான மிரட்டல். அதை அப்படியே வைத்துக்கொள். அடுத்த தடவையும் சொல்."

நான் ஏதாவது சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நான்காம் தடவை. ஆரபி எழுந்தாள். "எனக்கு வேண்டாம்," என்றாள் நோர்வேஜிய மொழியில். நான் கையை நீட்டினேன். முன்வரிசையில் கதிரை பின்னால் போகும் சத்தம் கேட்டது. பவளமக்கா எழுந்து நின்றார். காஞ்சிபுரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே மணவறைக்கு வந்து ஆரபியின் தோளில் கை வைத்தார்.

"விடும் சிவம் கையை. பிள்ளைதான் வேண்டாமெண்டு சொல்லுதல்லோ?"

"அக்கா, இது நடிப்பு."

"நடிப்பெண்டு எனக்குத் தெரியும். என்னையும் நடிக்கத்தானே கூப்பிட்டனீர்? தமிழ்ச்சனமா நடிக்கச் சொன்னனீர். சபையிலை ஒரு பிள்ளை எழும்பி வேண்டாமெண்டு சொல்ல, தமிழ்ச்சனம் பலகாரத்தைப் பாத்துக்கொண்டு இருக்குமே?"

"பலகாரம் நல்லதெண்டா இருக்கும் அக்கா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"இருந்ததுகளும் இருக்கு. எனக்குத் தெரியாதே? நான் இருக்க மாட்டன். என்ரை முகமெல்லோ ரீவியிலை வரப்போகுது."

அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் எழுந்தார்கள். பிறகு ஒரு வரிசை. தவில்காரர் இதுதான் சமயமென்று உறையை அவிழ்க்கப் போனார்.

எய்ரிக் என்னைப் பார்த்தான். "அவர்களுக்குச் சொல். ஒருவரும் உதவிக்கு வராததுதான் இந்தக் காட்சியின் உயிர். உண்மையில் ஒருவரும் எழுந்து நிற்பதில்லை."

சொன்னேன். அக்கா கேட்டார்: "தம்பி எத்தினை தமிழ்க் கலியாணத்துக்குப் போனவராம்?"

அதையும் மொழிபெயர்த்தேன். "இதுதான் முதலாவது," என்றான் எய்ரிக். நேர்மையானவன் என்று முதலே சொன்னேனோ தெரியவில்லை.

பத்து நிமிட ஓய்வு விட்டார்கள். ஆரபி கூறைச்சேலையோடு தாழ்வாரத்தில் நின்று யன்னலால் வெளியே கொட்டும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் என் விரல் அடையாளம் சிவந்திருந்தது.

"பிள்ளை, நான் கேக்கிறன், உண்மையைச் சொல்லு. அது என்னை நினைச்சு அழுத அழுகையோ?"

"ஓம்," என்றாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பினேன்.

"முதல் ரண்டு தரமும் அழுகை வரேல்லை அப்பா, நடிச்சனான். மூண்டாந்தரம் நீங்கள் இழுக்கேக்கை என்ன சொன்னனீங்கள் எண்டு தெரியுமே?"

"தெரியாது. எய்ரிக் மிரட்டலாம் எண்டான்."

"'நோகுதே குஞ்சு' எண்டு, சின்னனிலை என்னைக் கூப்பிடுறமாதிரிக் கேட்டனீங்கள். இழுத்துக்கொண்டே கேட்டனீங்கள். பிறகு நான் அழாமல் என்ன செய்யிறது?" அவள் சிரித்தாள், மூக்கைக் கூறைச்சேலையில் துடைத்தாள். "அப்பா, அடுத்தமுறை நான் வக்கீலா வருவன். நீங்கள் விடுவீங்கள்தானே?"

நான் அவள் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓம் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா தெரியாது. அவள் ஓம் என்றே எடுத்துக்கொண்டாள். அந்த வருடமே நாடகக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள்.

உள்ளே திரும்பியபோது சனம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எய்ரிக் தூரிட்டைக் கூப்பிட்டிருந்தான். அவர் மணவறைப் படியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பவளமக்காவுக்கு ஒரு சுளை, தவில்காரருக்கு ஒரு சுளை.

"சிவா, மத்தியானத்துக்குள் வேறு விருந்தினர்களைக் கொண்டுவர முடியுமா?"

"கொண்டுவரலாம். அவர்களும் எழும்புவார்கள் என்றுதான் நினைக்கிறேன்."

அந்தச் சொல்லை எதிர்பார்த்தேன். வரவில்லை. தூரிட் தோலை மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவருடைய சுவரில் பல வருடம் குத்தியிருந்த முகங்கள். அவற்றை அவர் இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"காட்சியை முடிக்கவேண்டும்," என்றான் எய்ரிக், அழாக்குறையாக. "அவளை யாராவது இழுத்து இருத்தத்தானே வேண்டும்?"

அப்போது மண்டபக் கதவு திறந்தது. நசீர். தோளில் பனி, முகத்தில் சவரம் செய்யாத தாடி, கையில் ஒரு இனிப்புப் பெட்டி. ஆஸ்பத்திரி என்று கேட்டதிலிருந்து நான் மனதில் கட்டிவைத்த சாவெல்லாம் அந்தப் பெட்டியைக் கண்டதும் கலைந்தது.

"பேத்தி!" என்றார் வாசலில் நின்றபடியே. "கொஞ்ச நேரத்துக்கு முன்னர்தான் பிறந்தாள். நிறைய முடி."

பவளமக்காதான் முதலில் கைதட்டினார். பெட்டி மண்டபத்தைச் சுற்றி வந்தது. நான் மண்ணிற ஸ்வெட்டரைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மணவறையில் நின்ற ஆரபியைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு தூரிட்டுக்கு முன்னால் வந்து, முதல்நாள் கமராவுக்குக் காட்டியதைப்போல இரண்டு கைகளையும் நீட்டினார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை.

"குழந்தையை முதலில் இந்தக் கைகளில்தான் தந்தார்கள்," என்றார். "இன்றைக்கு இவற்றால் ஒரு பெண்பிள்ளையையும் இழுக்க மாட்டேன். வேண்டுமென்றால், இவர்களோடு சேர்ந்து நானும் எழுந்து நிற்கிறேன்."